கொட்டை எழுத்து சாயும்போது

காஞ்சிபுரத்தைத் தாண்டி சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போகிறவர்களுக்குத் தாமல் என்றால் ஏரி. மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று. மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் வண்டியிலிருந்தே தண்ணீர் தெரியும். அதே சாலையோரத்தில் இன்னொன்றும் கண்ணை இழுக்கிறது. டயர் கடை, ஓட்டல், மனை விற்பனை, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று வரிசையாக நிற்கும் பலகைகள். எல்லாமே ஓடுகிற வண்டியிலிருந்து படிக்கப்பட வேண்டியவை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டரைக் கடந்துவிடும். பலகை 100 மீட்டர் தொலைவில் கண்ணில் பட்டால், அதைத் தாண்ட நாலரை நொடி. அந்த நாலரை நொடிக்குள் முன்னால் போகும் லாரியைக் கவனிக்க வேண்டும், கண்ணாடியில் பின்னால் வருபவனைப் பார்க்க வேண்டும், மிச்சமிருக்கும் நேரத்தில்தான் கடைப் பெயர்.

இந்த மிச்ச நேரத்துக்காகவே புழக்கத்தில் நிலைத்துவிட்ட எழுத்து வகை ஒன்று இருக்கிறது. தடித்திருக்கும். வலப்பக்கம் சாய்ந்திருக்கும். முனைகளில் கொடுக்கு போன்ற அணிக்கோடுகள் இருக்காது. அச்சுக்கலையில் சான்ஸ் செரிஃப் என்பார்கள். வண்டி, டயர், எண்ணெய், கூரியர், விளையாட்டுக் காலணி என வேகத்தையும் வலிமையையும் விற்கிற எந்தத் தொழிலைப் பார்த்தாலும் இந்த வகை எழுத்து அங்கே இருக்கும். தாமலுக்குக் கிழக்கே, இதே சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கிய ஹூண்டாயின் சின்னமும் நீள்வட்டத்துக்குள் சாய்ந்து நிற்கும் ஓர் ‘எச்’தான். நிறுவனமும் வாடிக்கையாளரும் கைகுலுக்கும் உருவம் அது என்பது அவர்கள் தரும் விளக்கம். எட்ட இருந்து பார்க்கிறவருக்கு முதலில் படுவது அந்தச் சாய்வு.

ஆங்கிலத்தில் இந்த வகைக்குப் பஞ்சமே இல்லை. தமிழில்? பெரும்பாலும் கணினியில் பி, ஐ என்ற இரண்டு பொத்தான்களை அழுத்திச் செய்கிறோம். பி தடிக்க வைக்கும், ஐ சாய்க்கும். வருவது தமிழ் எழுத்து மாதிரி இருக்கும். ஆனால் சுழிகள் அடைத்து, கோடுகள் ஓரிடத்தில் வீங்கி ஓரிடத்தில் இளைத்து, ஓடுகிற வண்டியிலிருந்து படிக்க முடியாமல் போகும். ரசனைக் குறை என்று இதைத் தள்ளிவிட முடியாது. வடிவ கணிதமும் கண்ணின் அமைப்பும் சேர்ந்து தரும் விளைவு இது. கணக்குப் போட்டே காட்டலாம்.

தடிமன், சாய்வு, கொடுக்கில்லா முனை ஆகிய மூன்றும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. மூத்தது சாய்வு. வெனிஸ் நகரத்துப் பதிப்பாளர் ஆல்டஸ் மனூட்டியஸ் 1501-இல் ரோமானியக் கவி வர்ஜிலின் படைப்புகளைக் கையடக்க நூலாகச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். எழுத்தை வெட்டித் தந்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அன்றைய அறிஞர்கள் விரைந்து எழுதிய கையெழுத்தின் சாயல் அது. அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் சாய்வைப் பயன்படுத்தும் வழக்கம் பின்னால் வந்தது. தடித்த எழுத்து லண்டனில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாட்டரிக்கும் நாடகத்துக்கும் சுவரொட்டி அடித்தவர்களின் தேவையிலிருந்து பெருகியது. கொடுக்கில்லாத எழுத்தை முதலில் அச்சாக வார்த்து மாதிரி நூலில் காட்டியவர் நாலாம் வில்லியம் காஸ்லன், 1816-இல். மூன்றையும் ஒன்றாகக் கட்டி வணிகச் சின்னமாக்கியது மோட்டார் வண்டிகளும் விமானங்களும் வந்த 20-ஆம் நூற்றாண்டு.

சாய்ந்த எழுத்து ஏன் ஓடுகிற மாதிரி தோன்றுகிறது? ஓடுகிற மனிதன் முன்பக்கம் சாய்கிறான் என்பது எளிதான பதில். அது ஒரு பகுதிதான். இன்னொரு பகுதி கேமராவிலிருந்து வந்தது. 1910-களில் பிரான்சில் ழாக் ஆன்ரி லார்தீக் என்ற இளைஞர் கார் பந்தயம் ஒன்றைப் படம் எடுத்தார். படத்தில் காரின் சக்கரம் முன்பக்கம் சாய்ந்த நீள்வட்டமாக இருக்கிறது. அன்றைய கேமராவின் திரையில் ஒரு மெல்லிய இடுக்கு கீழிருந்து மேலாகவோ மேலிருந்து கீழாகவோ நகர்ந்து படத்தைக் கீற்றுக் கீற்றாகப் பதிவு செய்யும். சக்கரத்தின் அடிப்பகுதி பதிவாகி மேற்பகுதி பதிவாகும் முன்பே கார் கொஞ்சம் முன்னே போய்விட்டது. அதனால் ஒவ்வொரு கீற்றும் முந்தியதைவிடச் சற்று வலப்பக்கம் தள்ளி விழுந்தது. இந்தத் தோற்றத்தைக் கேலிச்சித்திரக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு விளம்பர ஓவியர்களும். மூன்று தலைமுறையாகப் பார்த்துப் பழகிய நமக்கு வலப்பக்கச் சாய்வு என்றால் வேகம்.

மூன்றாவது பகுதி மூளைக்குள் நடப்பது. 1959-இல் டேவிட் ஹூபலும் டோர்ஸ்டன் வீசலும் பூனையின் பார்வைப் புறணியில் நுண்மின்முனையைச் செருகி ஆராய்ந்தபோது, அங்குள்ள நரம்பணுக்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சாய்மானமுள்ள கோட்டுக்கு மட்டும் துடிப்பதைக் கண்டார்கள். நேர்க்கோட்டுக்குத் துடிக்கும் அணு வேறு, சாய்கோட்டுக்குத் துடிக்கும் அணு வேறு. இந்தப் பணிக்காக இருவரும் 1981-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நேராக நிற்கும் கோடுகளின் கூட்டத்தில் ஒன்று மட்டும் சாய்ந்திருந்தால், தேடாமலே அது கண்ணில் படும். உளவியலாளர் ஆன் ட்ரீஸ்மன் 1980-இல் விளக்கிய கவனக் கோட்பாட்டுக்கு இத்தகைய சோதனைகள்தான் அடிப்படை. ஆக, நேரெழுத்துப் பலகைகள் நிறைந்த தெருவில் ஒரு சாய்வெழுத்துப் பலகை தனியாகத் தெரியும். எல்லாரும் சாய்த்துவிட்டால் அந்த ஆதாயமும் போய்விடும். கூடவே ஒரு விலையும் உண்டு. கிடைக்கோட்டையும் நெடுங்கோட்டையும் கூர்மையாகப் பார்க்கிற கண், சாய்கோட்டில் அந்தக் கூர்மையைக் கொஞ்சம் இழக்கிறது. ஒரு பெயருக்குச் சாய்வு பொருந்தும். பத்து வரி விவரத்துக்குப் பொருந்தாது.

இது வரை சொன்னது எல்லா மொழிக்கும் பொது. தமிழின் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது.

லத்தீன் எழுத்தின் தடிப்பும் மெலிவும் பட்டை நுனிப் பேனாவிலிருந்து வந்தவை. நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறப்பட்டு வளர்ந்தது. எழுத்தாணிக்குப் பட்டை நுனி கிடையாது. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே அகலக் கோடுதான். கல்லிலும் அப்படியே. இதே மாவட்டத்தில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையைச் சொல்பவை என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். செய்தியை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்து எழுத்தை மட்டும் பாருங்கள். உளி ஒரே சீரான அகலத்தில் கோட்டை இழுத்துக்கொண்டு போகிறது, கொடுக்கில்லை, மெலிவில்லை. ஐரோப்பா 1816-இல் வந்து சேர்ந்த வடிவத்தின் இயல்பு தமிழுக்கு முதலிலிருந்தே இருந்தது. கொடுக்கில்லா எழுத்து தமிழுக்கு இரவல் சரக்கு என்று யாராவது சொன்னால் உத்திரமேரூருக்கு ஒரு நடை போய்வரச் சொல்ல வேண்டும்.

ஓலையிலிருந்து வந்த இரண்டாவது குணம் சுழி. ஓலையில் நரம்போடு ஒட்டி நேர்க்கோடு கீறினால் ஓலை கிழியும். வளைத்து எழுதினால் தாங்கும். அதனால் நம் எழுத்துகள் வளைந்தன. மூணு சுழி ண, ரெண்டு சுழி ன என்று குழந்தைக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுக்கும்போதே சுழியை எண்ணித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். எந்த எழுத்து எது என்று சொல்லும் தகவல் தமிழில் பெரும்பாலும் சுழியில் இருக்கிறது. தடித்த சாய்வெழுத்துக்கு முதல் பலி அந்தச் சுழி.

அச்சில் தமிழ் ஏறியது 1578-இல், கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ வழியாக. ஈய அச்சுக் காலத்தில் சாய்வெழுத்து தமிழில் வேரூன்றவில்லை. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, அதன் பெரிய வடிவம், எண்கள், நிறுத்தக்குறிகள் வார்த்தால் ஒரு அளவு முடிந்தது. தமிழுக்கு ஒவ்வொரு அளவிலும் நூற்றுக்கு மேல் வார்க்க வேண்டும். கு, ஙு, சு, ஞு ஒவ்வொன்றும் தனித்தனி உரு. அப்போது ணா, றா, னா, லை, னை போன்றவைகூடத் தனி உருவங்களில் இருந்தன. பெரியார் 1935-இல் ‘குடிஅரசு’ இதழில் கைக்கொண்ட சீர்திருத்த வடிவங்களைத் தமிழக அரசு 1978-இல் ஏற்ற பிறகே அவை இன்றைய வடிவுக்கு மாறின. இவ்வளவையும் சாய்வாக இன்னொரு முறை வெட்டி வார்க்க எந்த அச்சகம் பணம் போடும்? அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்துக்குக் கொட்டை எழுத்து போதும் என்று தமிழ் அச்சுலகம் முடிவு செய்தது. சாய்வெழுத்தை வளர்த்தவர்கள் சுவரில் தூரிகை பிடித்தவர்கள்: சினிமா சுவரொட்டியில் தலைப்பு எழுதியவர்கள், தேர்தல் சுவர் எழுதியவர்கள், லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெயர் எழுதியவர்கள். அவர்கள் நேரெழுத்தை எழுதிப் பிறகு சாய்க்கவில்லை. கையே சாய்ந்து எழுதியது. சுழி வருமிடத்தில் தூரிகையின் அழுத்தத்தைக் குறைத்தார்கள், உள்ளே வெள்ளை தெரியும்படி சுழியைத் திறந்து விட்டார்கள். இந்தக் கைவிவரம் யாரும் எழுதிவைக்காமலே ஃப்ளெக்ஸ் வந்ததும் தெருவை விட்டுப் போனது.

ஃப்ளெக்ஸ் அச்சகத்தில் நடப்பதைப் பார்ப்போம். பாமினியோ ஸ்ரீலிபியோ ஏதோ ஓர் எழுத்துருவில் பெயரை அடிக்கிறார்கள். கோரல் டிரா மென்பொருளில் அந்தப் பெயரின் மேல் மறுபடி சொடுக்கினால் சுற்றிலும் அம்புக்குறிகள் வரும். மேல் நடுவில் உள்ள அம்பைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தால் எழுத்து சாயும். தடிமன் போதாது என்றால் அதே நிறத்தில் சுற்றிலும் அவுட்லைன் கொடுப்பார்கள். இரண்டு நிமிட வேலை. இந்த இரண்டு நிமிடத்தில் எழுத்துக்கு என்ன ஆகிறது என்பதுதான் கணக்கு.

முதலில் சாய்வு. ஒரு சீட்டுக்கட்டை மேசைமேல் நிறுத்தி வைத்து, அதன் பக்கவாட்டில் பேனாவால் ஒரு வளையம் வரையுங்கள். இப்போது கட்டை மெல்லத் தள்ளுங்கள். அடிச் சீட்டு நகராது, மேலே போகப் போக ஒவ்வொரு சீட்டும் கூடுதலாக நகரும். வளையம் சாய்ந்த நீள்வட்டமாகும். கணினி செய்வது இதையேதான். சாய்வு 12 பாகை என்றால், 100 அலகு உயரத்தில் உள்ள புள்ளி 21 அலகு வலப்பக்கம் போகும். ஹெல்வெட்டிகா எழுத்துருவின் சாய்வு இந்த அளவுதான். 1957-இல் ஏட்ரியன் ஃப்ருட்டிகர் வரைந்த யூனிவர்ஸ் அதைவிடத் துணிச்சலாக 16 பாகை சாய்ந்தது. வலைப்பக்கங்களுக்கான நெறிமுறையில் சாய்வெழுத்தின் இயல்பளவு 14 பாகை.

இந்தத் தள்ளலில் நேர்க்கோடுகள் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. கிடைக்கோட்டின் தடிமன் மாறாது. நிமிர்ந்த கோட்டின் தடிமன் 12 பாகைச் சாய்வில் 2 சதவீதம் குறையும், கண்ணுக்குத் தெரியாது. வளையத்தில் கதை வேறு. சீரான தடிமன் உள்ள வளையத்தை 12 பாகை தள்ளினால் அதன் வலது மேல் மூலையும் இடது கீழ் மூலையும் 11 சதவீதம் தடிக்கும். இடது மேல் மூலையும் வலது கீழ் மூலையும் 10 சதவீதம் மெலியும். ஒரே சுழியின் இரண்டு இடங்களுக்கு இடையே கிட்டத்தட்ட கால் பங்கு வேறுபாடு. ஆங்கிலத்தில் எச், இ, டி, எல், என் எல்லாம் நேர்க்கோட்டு எழுத்துகள். ஓ, சி, எஸ் போன்ற சிலவற்றை மட்டும் வடிவமைப்பாளர் கையால் திருத்தினால் போதும். தமிழில் ட, ப போன்ற ஒரு சிலவற்றை விட்டால் எங்கே பார்த்தாலும் வளைவு. தாமல் என்ற மூன்றெழுத்துப் பெயரில்கூட ல-வின் சுழியும் த-வின் வளைவும் காலின் வளைவும் ஒவ்வொரு விதமாக வீங்கி இளைக்கும். ல்-மேல் உள்ள புள்ளியும் வட்டமாக இருக்காது, சாய்ந்த முட்டையாகும். ஒரே அகலக் கோட்டுக்குப் பழகிய தமிழ்க் கண் இந்தச் சீரின்மையை உடனே உணரும். ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ‘எழுத்து சரியில்லையே’ என்று சொல்லிவிடும்.

அடுத்தது தடிமன். ஒரு சுழியின் உள்ளே உள்ள வெள்ளையின் விட்டம் 100 அலகு என்று வையுங்கள். அவுட்லைன் கொடுத்துக் கோட்டை ஒவ்வொரு பக்கமும் 20 அலகு தடிக்க வைத்தால் உள்விட்டம் 60 ஆகும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; ஆகவே வெள்ளைப் பரப்பு 100-இலிருந்து 36-ஆகச் சரியும். விட்டத்தில் நாற்பது சதவீதம் போனால் வெள்ளையில் மூன்றில் இரண்டு பங்கு போகிறது. பெரிய சுழி இதைத் தாங்கும். ணி-யிலும் கீ-யிலும் உள்ள சின்னச் சுழிகள் தாங்காது.

கீ-யை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் கி-யையும் கீ-யையும் பிரிப்பது உச்சியில் உள்ள அந்த ஒரு குட்டிச் சுழிதான். பிடிக்கும் பீடிக்கும், கிரிக்கும் கீரிக்கும் இடையில் வேறு எந்தக் காவலும் கிடையாது. 1862-இல் டச்சுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் வகுத்த அளவுகோல்படி, நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள இடைவெளியைப் பிரித்தறியும். நூறு மீட்டரில் அது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். இப்போது ஒரு பலகையில் எழுத்து 15 சென்டிமீட்டர் உயரம், கீ-யின் உச்சிச் சுழி வெளி விட்டம் 4 சென்டிமீட்டர், கோட்டின் தடிமன் 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 2 சென்டிமீட்டர் வெள்ளை. அது 69 மீட்டர் வரை தெரியும்; 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடிக்கு மேல் அவகாசம். கோட்டை ஒன்றரை சென்டிமீட்டராகத் தடிக்க வைத்தால் உள்ளே ஒரு சென்டிமீட்டர்தான் மிஞ்சும். 34 மீட்டருக்கு வந்தால்தான் தெரியும். அவகாசம் ஒன்றரை நொடி. பெரிதாகத் தெரியட்டும் என்று தடிக்க வைத்த எழுத்து, படிக்கும் தூரத்தைப் பாதியாக்கிவிட்டது.

ராத்திரியில் நிலைமை இன்னும் மோசம். இருண்ட பின்னணியில் உள்ள வெளிச்சம் கண்ணுக்குள் சிதறி, இருக்கிற அளவைவிடப் பெரிதாகத் தோன்றும். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விரிவாக எழுதிய விளைவு இது. பச்சைப் பலகையில் ஒளி திருப்பும் வெள்ளை எழுத்து முகப்பு விளக்கில் பளீரென்று எரியும்போதும், கடை வாசலில் எல்.இ.டி. எழுத்து ஓடும்போதும் கோடு உள்பக்கமாகப் பூத்துச் சுழியை அடைத்துவிடும். அமெரிக்காவில் இதைக் குறைக்கவே உள்வெளி அகன்ற கிளியர்வியூ என்ற எழுத்துருவை நெடுஞ்சாலைப் பலகைகளுக்கு 2004-இல் அனுமதித்தார்கள். பலன் எவ்வளவு என்று வாதம் எழுந்து 2016-இல் அனுமதியைத் திரும்பப் பெற்று, 2018-இல் மீண்டும் கொடுத்தார்கள். ஓர் எழுத்துருவின் துளைகளுக்காக ஒரு நாடு இத்தனை ஆண்டு மல்லுக்கட்டியிருக்கிறது. சுழிகளே உயிராக உள்ள நம் எழுத்துக்கு இது இன்னும் பெரிய கேள்வி.

சாய்வும் தடிமனும் கூட்டாகச் செய்யும் சேதம் ஒன்று உண்டு. ர-வுக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு அடியில் இடப்பக்கமாகச் சாய்ந்து இறங்கும் சிறு வால்தான். எ-யும் ஏ-யும் பிரிவதும் அடியில் உள்ள சிறு சாய்கோட்டால்தான். நெடிலுக்கு இப்படி அடையாளம் வைத்த சீர்திருத்தம் 18-ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவருடையது என்பார்கள். நேராக நிற்கும் எழுத்தில் இந்த வால் மட்டும் சாய்ந்திருப்பதால் பளிச்சென்று தெரிகிறது. எழுத்து முழுவதும் அதே பக்கம் சாய்ந்தால் வால் தண்டின் தொடர்ச்சி போல ஆகிவிடும். கூடவே தடிக்க வைத்தால் வாலுக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கோணம் மையால் நிரம்பிவிடும். ‘பரமா, பாமா?’ என்று வாடிக்கையாளர் கேட்பார்.

இதற்கெல்லாம் மருந்து உண்டு. தடித்த எழுத்தைத் தடித்த எழுத்தாகவே வரைவதும் சாய்ந்த எழுத்தைச் சாய்ந்த எழுத்தாகவே வரைவதும்தான் அது. கோடு கூடும்போது சுழியை வெளிப்பக்கம் வளர்த்து உள்வெள்ளையைக் காக்க வேண்டும். இரண்டு கோடுகள் சேருமிடத்தில் மட்டும் கொஞ்சம் இளைக்க விட வேண்டும். சாய்த்த பிறகு வீங்கிய மூலையைச் செதுக்கி மெலிந்த மூலைக்கு ஊட்ட வேண்டும். புள்ளியை வட்டமாகவே விட்டு, சாய்ந்த அச்சின் மேல் நகர்த்தி வைக்க வேண்டும். ர-வின் வாலைக் கூடுதலாக மடக்க வேண்டும். ஓர் எழுத்துக்கு அரை நாள் பிடிக்கும் வேலை. தமிழின் எல்லா உருவங்களுக்கும் என்றால் மாதக் கணக்கு.

செய்தவர்கள் இருக்கிறார்கள். பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கட்டமரன் எழுத்துரு ஒன்பது தடிமன்களில் கிடைக்கிறது. மிகத் தடித்ததிலும் சுழி மூச்சு விடுகிறது. மும்பையின் ஏக் டைப் குழுவினர் வெளியிட்ட பலூ தம்பி, கொழுகொழுவென்ற கொட்டை எழுத்தாகவே பிறந்தது. அதன் சுழிகளைக் கிட்டத்தில் பார்த்தால் கோடு எங்கே தடித்து எங்கே இளைக்கிறது என்பதில் எத்தனை கவனம் என்று தெரியும். அதே குழு 2022-இல் தந்த அனெக் தமிழ், தடிமனையும் அகலத்தையும் நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் மாறுருவ வகை. இலங்கையின் தாரிக் அசீஸ் வரைந்த கவிவனார், கையெழுத்துச் சாயலில் சாய்வாகவே வரையப்பட்டது. கூகுளின் நோட்டோ வரிசையில் செரிஃப் தமிழுக்குச் சாய்வு வடிவம் இருக்கிறது. இவை எல்லாம் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடியவை. ஆனால் கட்டமரன், பலூ தம்பி, அனெக் மூன்றிலும் சாய்வு இல்லை. கவிவனாரில் கொட்டை இல்லை. தடித்து, சாய்ந்து, கொடுக்கில்லாமல், பலகைக்கென்றே வரையப்பட்ட தமிழ் எழுத்தின் இடம் இந்த வரிசையில் காலியாகவே இருக்கிறது. அதனால்தான் தாமல் கடைக்காரர் அந்த அம்புக்குறியைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. குறை அவருடையது அல்ல.

பெயர்ப்பலகையில் தமிழுக்கு முதலிடம் தர வேண்டும், தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றும் 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது தமிழகத்தில் விதி. அறிவியல்படியும் இது நியாயமான விதி. ஆங்கிலப் பெரிய எழுத்து வரியின் முழு உயரத்தையும் நிரப்புகிறது. தமிழில் மேலே இகர ஈகாரக் குறிகளும், கீழே உகர ஊகாரக் கால்களும் இடம் கேட்பதால், அதே உயரத்தில் க, ம, ல என்ற உடல் பகுதி சிறுத்துப்போகும். அதற்குள் கோடுகளும் அதிகம். சம உயரம் கொடுத்தால் தமிழ் தோற்கும். ஐந்துக்கு மூன்று கொடுத்தால் ஈடாகும். ஆனால் விதி அளப்பது அளவை மட்டுமே. ஆங்கிலம் நன்றாக வரையப்பட்ட எழுத்துருவிலும் தமிழ் இழுத்துச் சாய்த்த எழுத்திலும் இருந்தால், ஐந்து பங்கு இருந்தும் படிக்கப்படுவது மூன்று பங்கு ஆங்கிலம்தான். பல பன்னாட்டு நிறுவனங்களின் பலகைகளில் இதுதான் நடக்கிறது. ஆங்கிலச் சின்னத்துக்கு ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் தமிழுக்கு இரண்டு நிமிடம் செலவிடுகிறார்கள். இதை நாம் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

தூரம், திசை, ஆஸ்பத்திரி, பள்ளி, ஆபத்து ஆகியவற்றைச் சொல்லும் பலகைகளில் எழுத்து நேராக நிற்கட்டும், தடிமனும் அளவோடு இருக்கட்டும். சாய்வுக்கு அங்கே வேலையில்லை. கடைப் பெயருக்கும் சின்னத்துக்கும் சாய்வு வேண்டுமென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். 12 பாகைக்கு மேல் போக வேண்டாம்.

பலகை எழுதக் கொடுக்கிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் கடைப் பெயரோடு ணி, கீ, ஸ்ரீ, ழு, ரா என்ற எழுத்துகளையும் சேர்த்து அடிக்கச் சொல்லி, ஒரு தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். தள்ளி நின்று பாருங்கள். எந்தச் சுழி முதலில் அடைபடுகிறதோ அந்த இடத்திலேயே உங்கள் பலகையும் தோற்கும். அவுட்லைன் போட்டுத் தடிக்க வைக்காதீர்கள். தடித்ததாகவே வரைந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள், காசு கிடையாது. எழுத்து வரையத் தெரிந்த இளைஞர்களுக்கும், அவர்களுக்கு நல்கை தரக்கூடிய பல்கலைக்கழகங்களுக்கும் அரசுக்கும் ஒரு வேண்டுகோள்: பலகைக்கென்று ஒரு தடித்த, சாய்ந்த, கொடுக்கில்லாத தமிழ் எழுத்துருவைக் கையால் வரைந்து, திறந்த உரிமத்தில் விடுங்கள். தாமல் டயர் கடை முதல் சிங்கப்பூர் மளிகைக் கடை வரை அதை எடுத்துப் போட ஆள் இருக்கிறது.